நாலாம் நம்பருக்கு ஆள் தேடிய கதை

1

மலேசிய அரசின் ஏடுகளில் நான் ஒரு பொம்மை மதிப்பீட்டாளர்.

இந்த மாதத்தோடு நான் கேமரன் மலைக்கு வந்து பதினைந்து வருஷம் முடிகிறது. அதைக் கொண்டாட மலையிறங்கிப் போய்க் குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். இந்நாட்டுக் குடிமகனைக் கட்டிக்கொண்டவளுக்குத் தரும் அனுமதியைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். கணவரும் கூடவே வந்து நிற்க வேண்டும். கல்யாணம் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று அவர்கள் கண்ணால் பார்த்துத்தான் நம்புவார்கள். எனக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வருவதுண்டு என்பதால் நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் 'ஆட்டக்காரர்களை மதிப்பிடுபவர்' என்று மலாயில் எழுத நினைத்தேன். மலாயில் பெமாயின் என்றால் ஆட்டக்காரர், மாயினான் என்றால் பொம்மை. பதினைந்து வருஷ மலாய் ஞானத்தோடு நான் தன்னம்பிக்கையாக மாயினான் என்று எழுதிவிட்டேன்.

கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். "என்ன மாதிரி?" என்று மலாயில் கேட்டார். எந்த மாதிரி ஆட்டக்காரர் என்று கேட்பதாக எண்ணி, "பெரிய உருப்படிகள்தான். ஆறரை அடிக்கு மேலே. பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வரும். முழங்கால் கெட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்" என்று விளக்கினேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார், இரக்கத்தோடு. முத்திரை விழுந்தது.

கார் ஏறிய பிறகுதான் கணவர் ஆரோக்கியம் விஷயத்தைச் சொன்னார்.

"அங்கயே சொல்லிருக்கலாமில்ல?"

"சொன்னா ஃபாரத்த கிழிச்சிட்டு புதுசா எழுதச் சொல்லுவாங்க. மறுபடி லைன்ல நிக்கணும். பொம்மையாவே இருந்துட்டுப் போகட்டும் லா" என்றார்.

2

கல்யாணத்துக்கு முன் திண்டுக்கல்லில் நான் கூடைப்பந்து ஆடிய பெண். இங்கே யாருக்கும் அது தேவைப்படவில்லை. தேயிலை ஆலையில் என் கணவர் பெரிய கிராணி; அதனால் நான் கிராணியம்மா. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் கணக்கெழுதுகிறவர் கிராணி, மேலே இருப்பவர் துரை என்பதை மட்டும் இந்த மலை விடுவதாக இல்லை. கொழுந்து எடுக்க இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்கள் வருகிறார்கள். அவர்களும் இரண்டே மாதத்தில் என் கணவரை "கிராணி சார்" என்று கூப்பிடக் கற்றுக்கொள்கிறார்கள்.

நாலு வருஷத்துக்கு முன் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு பள்ளிக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. வேறு வேலை இல்லாததால் போய் உட்கார்ந்து நோட்டில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். குமரேசன் என்று பெயர். மலைக்குக் கீழே ஒரு தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளர். நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, "சிஸ்டர், இத எனக்குப் பண்ணிக் குடுக்கறீங்களா?" என்றார். அன்றிலிருந்து வீட்டிலிருந்தபடியே ஆட்டக்காரர்களின் வீடியோ பார்த்து அறிக்கை எழுதுகிறேன். ஒரு பெண் பகல் முழுக்க டிவி பார்த்துவிட்டு அதை உத்தியோகம் என்று சொல்லிக்கொள்வதைத் தோட்டத்தில் எல்லாரும் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்கள்.

அணியின் முதலாளி ஒரு சீனர்; சீன முதலாளியை இங்கே தவுக்கே என்போம். லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் போடுகிறவர். பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. சீனப்பள்ளியில் படிக்கும் என் மகள் ஜெனியைவிட அவர் தமிழ் நன்றாக இருக்கும். நான் தமிழில் கேட்டால் ஜெனி மலாயில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் சீனத்தில் திட்டுவாள். தமிழை அவள் ஜெபத்துக்கும் பசிக்கும் மட்டும் வைத்திருக்கிறாள்.

இந்த வருஷம் அணியின் பவர் ஃபார்வர்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். கூடைப்பந்தில் அந்த இடத்தை நாலாம் நம்பர் என்போம். முழங்கையால் இடி வாங்கி, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்து, அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடுகிறவன். போட்டோவில் பாதி முகம்தான் வரும். நானும் நாலாம் நம்பர்தான்.

தவுக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். "தங்கச்சி, குமரேசன் சொல்றான், மூணு ஃப்ரீ ஏஜெண்ட் இருக்காங்களாம். ஃப்ரீன்னா சும்மா வருவானா?"

"இல்ல தவுக்கே. எந்த டீமோடயும் ஒப்பந்தம் இல்லாதவன். அதான் ஃப்ரீ."

"அப்ப வேலையில்லாதவன்னு சொல்லு லா."

இவ்வளவு துல்லியமான மொழிபெயர்ப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

3

மூன்று பேரின் வீடியோவும் வந்தது.

முதலாமவர் மார்க்கஸ், அமெரிக்கர். ஐந்து வருஷத்தில் ஏழு நாடுகளில் ஆடியிருக்கிறார். புலம்பெயர்வதில் நம் எல்லாரையும் விட முன்னேறியவர். மூன்று நிமிஷ வீடியோ, பின்னால் டமடமவென்று இசை. வளையத்தில் தொங்குகிறார், தொங்குகிறார், மறுபடி தொங்குகிறார். எதிராளி பந்து போடும்போது இவர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் வீடியோ ரகசியமாக வைத்திருந்தது.

இரண்டாமவர் கோரான், செர்பியாக்காரர். முப்பத்து மூன்று வயது. அவர் மூன்று முழு ஆட்டங்களை அனுப்பியிருந்தார், ஒன்றில் படுதோல்வி. இசை கிடையாது. கூரையிலிருந்து யாரோ தூங்கி வழிந்துகொண்டே எடுத்த மாதிரி இருந்தது. தோற்ற ஆட்டத்தையும் அனுப்புகிற மனுஷனைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

மூன்றாமவர் தேவா. எங்கள் தோட்டத்துப் பிள்ளை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக் கதவில் குனிந்து நுழைந்து வளர்ந்தவன். நாட்டு அணிக்குக்கூட ஆடியவன். போன வருஷம் அவன் அணி அவனை விட்டுவிட்டது. அதன் பிறகு இன்னும் இரண்டு அணிகள் பார்த்துவிட்டு வேண்டாம் என்றன. இப்போது கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறான்.

மூவரையும் நேரில் ஆடவிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அதைப் பிரிஞ்சாங்கில் வைக்க வேண்டும் என்றார் தவுக்கே. அவர் சொன்ன காரணம், குளிர்காற்றில் நுரையீரல் பலப்படும் என்பது. உண்மைக் காரணம், ஹோட்டலில் அறைகள் காலி.

முந்தின நாள் காலையில் தேவாவின் அம்மா லெட்சுமி அக்கா வீட்டுக்கு வந்தார். முப்பது வருஷமாகக் கொழுந்தெடுத்தவர். இப்போது ஆலையில் கூட்டிப் பெருக்குகிறார். ஒரு பை நிறைய சௌசௌ காய் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார்.

"பசியாறிட்டீங்களா கிராணியம்மா?"

"ஆச்சுக்கா. எதுக்கு இவ்ளோ காய்?"

"கொல்லையில காய்ச்சிக் கெடக்கு. வீணாத்தான் போவுது." போகும்போது வாசலில் திரும்பி, "நாளைக்குப் பாத்துச் செய்ங்க" என்றார்.

பார்த்துச் செய்வதுதான் என் வேலையே. ஆனால் தமிழில் அந்த வார்த்தைக்குப் பார்க்காமல் செய்யுங்கள் என்றும் ஒரு பொருள் உண்டு. அன்று முழுக்க அந்தக் காய்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் கூட்டு வைத்தேன். நன்றாகவே இல்லை. லஞ்சமாக இருந்திருந்தால் ருசித்திருக்குமோ என்னவோ.

4

சனிக்கிழமை காலை பள்ளி மண்டபம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. தோட்டத்திலிருந்து ஒரு லோரி நிறைய ஆட்கள். தேவா பந்தைத் தொட்டாலே விசில். மேல் வரிசையில் தவுக்கே கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குமரேசன், அவருக்கு அடுத்து நான், கையில் நோட்டு.

மார்க்கஸ் பத்தே நிமிஷத்தில் வாயால் மூச்சுவிட ஆரம்பித்தார். இருந்தாலும் ஒருமுறை பறந்து வளையத்தில் தொங்கினார். தவுக்கே எழுந்து நின்றுவிட்டார். "தங்கச்சி, இவன்தான்! போஸ்டர்ல போட்டா ஊரே வரும்."

கோரானுக்குப் பறக்கிற உத்தேசமே இல்லை. ஒருவன் இடித்தால் நகராமல் நின்றார். பந்து எங்கே விழும் என்று அதற்கு முன்பே போய் நின்றுகொண்டிருந்தார். பஸ் வரும் நேரம் தெரிந்தவர் நிறுத்தத்தில் நிற்பதைப் போல. அவர் இருந்த பக்கம் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது. ஏன் ஜெயிக்கிறது என்று மண்டபத்தில் யாருக்கும் தெரியவில்லை.

"இவன் நடக்கறதுக்கே யோசிக்கறான்" என்றார் தவுக்கே.

"உங்க லோரிக்கு டிரைவர் எடுக்கும்போது எதப் பாப்பீங்க தவுக்கே? ஹார்ன் சத்தத்தையா?"

தவுக்கே என்னை முறைத்தார். பிறகு உட்கார்ந்தார்.

தேவா. அவனைப் பற்றித்தான் எழுதக் கை வரவில்லை. தொடக்கத்தில் அழகாக ஆடினான், கை பூப்போல. கூட்டம் கத்தியது. ஆனால் ஒவ்வொரு தடவை குதித்து இறங்கும்போதும் அவன் வலது காலில் மட்டுமே இறங்கினான். இடது கால் தரையைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் தயங்கியது. நாலாம் நம்பருக்கு முதல் குதி பெரிதில்லை, இரண்டாவது குதிதான் சோறு போடும்: இறங்கிய கணமே மறுபடி எழ வேண்டும். தேவா இறங்கினால் எழ நேரமாயிற்று. அதை மறைக்க அவனுக்கு நூறு வித்தை தெரிந்திருந்தது. வித்தைகள் எல்லாமே நன்றாக இருந்தன. அதனால்தான் யாரும் காலைப் பார்க்கவில்லை.

நான் எழுதினேன்: 'கோரானை எடுக்கலாம். தேவா வேண்டாம். இடது முழங்காலில் உள்காயம் இருக்க வேண்டும். ஸ்கேன் எடுக்காமல் எந்த அணியிலும் ஆடக் கூடாது.'

குமரேசன் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கோரான் சரி. தேவாகிட்ட இதச் சொல்ல வேணாம் சிஸ்டர். அடுத்த சீசன் பாக்கலாம்னு சொல்லிடுவோம். அவனும் சந்தோஷமாப் போவான், நாமளும் இந்த ரோட்டுல நிம்மதியா நடக்கலாம்."

"மத்த ரெண்டு டீமும் அதத்தான சொல்லிருப்பாங்க?"

"எல்லாரும் அதான் சொல்லுவோம். அதான் மரியாத."

5

அந்த மரியாதை எனக்குத் தெரியும். இருபது வயதில் மாநிலத் தேர்வுக்குச் சென்னை போனேன். மூன்று நாள் ஆடவிட்டுப் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. தேர்வாளர் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். அவர் என் தலையைத் தட்டி, "நல்லா ஆடுறம்மா. அடுத்த வருஷம் கண்டிப்பா பாக்கலாம்" என்றார். நான் அதை நம்பி இன்னும் இரண்டு வருஷம் விடியற்காலையில் எழுந்து ஓடினேன். வந்த இரண்டு வேலையை விட்டேன். வெகுநாள் கழித்து அதே தேர்வாளரின் உதவியாளர் ஒரு கல்யாணப் பந்தியில் சாவகாசமாகச் சொன்னார்: "உன் ஷாட்டு ரொம்ப மெதுவு பாப்பா. அப்பவே தெரியும்." அப்பவே தெரிந்ததை அப்பவே சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன், இல்லை வேலைக்குப் போயிருப்பேன். அவர் கேசரியை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே மண்டபத்துக்குப் பின்னால் தேவாவைக் கூப்பிட்டு நானே சொன்னேன். காலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே அவன் முகம் மாறியது.

"என் கால் நல்லாத்தான் இருக்கு. நீங்க டாக்டரா?"

"இல்ல. அதான் டாக்டர்கிட்ட காட்டுன்னு சொல்றேன்."

"மத்தவங்க எல்லாம் அடுத்த சீசன்னு சொன்னாங்க. நம்ம ஆளு நீங்க, நீங்க கால ஒடிக்கறீங்க." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். போகும்போது நொண்டாமல் நடக்க அவன் எடுத்துக்கொண்ட முயற்சியையும் நான் பார்த்தேன். பார்ப்பதுதானே உத்தியோகம்.

அதற்கப்புறம் இந்த மலையின் குளிர் எனக்குத் தெரிய வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. காலை நீட்டி வசதியாக ஜெபித்தேன். ஆலையில் என் கணவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். "ஒரு சௌகரியம், வேல சீக்கிரம் முடியுது. ஒவ்வொருத்தருக்கும் பதில் வணக்கம் சொல்ல வேணாம்" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரம் தேநீரைத் தானே போட்டுக் குடித்தார்.

புதன்கிழமை ஜெனியோடு பிரிஞ்சாங்கில் மளிகைக்கடைக்குப் போனேன். அரிசி மூட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள், நான் இருப்பது தெரிந்தே பேசினார்கள்.

"ஊர்லேந்து வந்தவளுக்கு நம்ம புள்ள அருமை எப்படித் தெரியும்?"

"வெள்ளக்காரன்கிட்ட துட்டு வாங்கிருப்பா. பொய்யா எழுதிட்டா."

நான் பருப்பை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன். ஜெனி நகரவில்லை. பதிமூன்று வயது. கடையில் என்னோடு சேர்ந்து நிற்பதற்கே கூச்சப்படுகிறவள். மூட்டையைச் சுற்றிப் போய் அவர்கள் முன்னால் நின்றாள். அவள் தமிழில் பேசியதை என்னால் முதலில் நம்பவே முடியவில்லை.

"ஆன்ட்டி, எங்க அம்மாக்குப் பொய் வராது லா. நான் பாடுனது நல்லா இருக்கானு கேட்டேன், இல்லன்னு சொன்னாங்க. பர்த்டே அன்னிக்கு. அப்பாவோட ஷர்ட் நல்லா இல்லன்னு அப்பாவோட பாஸ் முன்னாடி சொன்னாங்க. அவங்களுக்கு அந்தப் பார்ட்டே இல்ல. டிஃபெக்ட்."

அந்தப் பெண்கள் அரிசி மூட்டையின் விலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நானும்தான். வீடு வரும்வரை ஜெனி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் "தாங்க்ஸ்டி" என்றதற்கு மலாயில் ஏதோ முணுமுணுத்தாள். நல்ல வார்த்தைதான் என்று வைத்துக்கொண்டேன்.

6

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் தேவா வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த வீடியோ இருக்கா அக்கா? அன்னிக்கு எடுத்தது."

போட்டுக் காட்டினேன். முதலில் சாதாரண வேகத்தில். பிறகு அவனே மெதுவாக ஓட்டச் சொன்னான். திரையில் குதித்தான், இறங்கினான். மறுபடி. மறுபடி. ஆறாவது தடவையில் திரைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான். குந்தும்போது இடது காலை வெளியே நீட்டிக்கொண்டான்.

"எப்பலேந்து இப்படி எறங்கறேன்?"

"பழைய ஆட்டம் ரெண்டு பாத்தேன். போன வருஷ நடுவுல ஆரம்பிக்குது. அந்த அணி உன்ன விட்டதுக்கு மூணு மாசம் முன்னாடி."

அவன் வீடியோவை நிறுத்தினான். "மூணு டீமு வேணாம்னுச்சு அக்கா. ஒருத்தனும் ஏன்னு சொல்லல. நான் என்னான்னு நெனச்சேன் தெரியுமா? வயசு, ஜாதகம், தமிழன்... என்னென்னமோ. எங்க அம்மா கோயிலுக்கு ரெண்டு தடவ காவடிக்கு நேந்துக்கிட்டாங்க. நான் இந்தக் காலோட அதையும் தூக்கிட்டு நடந்தேன்."

மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குள் ஒரு தசைநார் முக்கால்வாசி கிழிந்திருந்தது. இன்னும் நாலு ஆட்டம் ஆடியிருந்தால் நடப்பதே சிரமமாகியிருக்கும் என்றாராம் டாக்டர். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். இனி ஆட முடியுமா என்பதற்கு டாக்டர் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. தெரியாது என்றே அவனிடம் சொன்னேன்.

கோரான் இதற்குள் ஐந்து ஆட்டம் ஆடிவிட்டார். அணி நாலில் ஜெயித்தது. போஸ்டரில் யார் படத்தைப் போடுவது என்று தெரியாமல் தவுக்கே கடைசியில் தன் படத்தையே போட்டுக்கொண்டார்.

7

ஆபரேஷன் முடிந்த மறுநாள் தேவாவைப் பார்க்க ஈப்போவுக்குக் காரில் கிளம்பினேன். தோட்டத்து முனையில் லெட்சுமி அக்கா கையில் சாப்பாட்டுத் தூக்கோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நிறுத்துவதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

அவர் குனிந்து பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கா?"

"ஆமாக்கா. ஏறுங்க."

ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார். "மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீங்க சொன்னது சரியாப் போச்சு. டாக்டரே சொல்லிட்டாரு. அதுக்கு நான் நன்றிக்கடன்பட்டவதான். ஆனா அத்தன சனத்துக்கு நடுவுல எம்புள்ள தலையத் தொங்கப் போட்டுட்டு வெளிய வந்தான் பாருங்க, அது என் கண்ணுலயே நிக்குது. எனக்கு இன்னும் கோவம் போகல. போகுமான்னும் தெரியல."

"சரிக்கா" என்றேன். மன்னிப்புக் கேட்டால் அது பொய்யாகும்.

ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். தூக்கை மடியில் வைத்துக்கொண்டார். கீழே இறங்கும் சாலை பாம்பு மாதிரி நெளியும். பதினைந்து வருஷத்திலும் என் வயிறு அதற்குப் பழகவில்லை. பத்தாவது வளைவிலேயே குமட்டி, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஜன்னலை இறக்கி மூச்சு வாங்கினேன். லெட்சுமி அக்கா நேராகச் சாலையைப் பார்த்தபடியே கைப்பையைத் துழாவி, சீனக்கடையில் விற்கும் உப்பு போட்டுக் காயவைத்த பிளம் பழம் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"வாயில அடக்கிக்கிட்டு ஓட்டுங்க. கோவம் அது பாட்டுக்கு இருக்கும். நீங்க வாந்தி எடுத்து என் சோத்தக் கெடுத்துறாதீங்க."

வாயில் போட்டேன். உப்பும் புளிப்புமாகக் கண்ணில் தண்ணீர் வந்தது. வண்டியை எடுத்தேன்.